பறக்கத் தெரிந்த வீடு

அத்தியாயம் பதினொன்று

"எந்திரிச்சாச்சா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"எந்திரிச்சாச்சு அத்தை."

"உன்னைக் கேக்கல. அவனைக் கேட்டேன். நீ விடியறதுக்கு முன்னாடியிருந்தே புரண்டுக்கிட்டு இருக்கறதைத்தான் அந்தக் கட்டில் ஊருக்கே சொல்லிடுச்சே!"

ரிவிட்டக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். தொழிற்சாலையில் வைத்த பெயர் அது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் விமானத் தகடுகளை இணைக்க நிமிஷத்துக்குப் பதினான்கு ரிவிட் ஆணி அடிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நாத்தனார் வீட்டு முன்னறை. நடுவில் ஒரு பழைய போர்வை தொங்கும். இந்தப் பாதியில் மகனும் மருமகளும், அந்தப் பாதியில் மாமியார். போரின் மூன்றாம் வருஷம் ஒரு குண்டு அவர்களுடைய வீட்டை வழித்துக்கொண்டு போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. அப்போது அவள் கணவன் எங்கோ போர்முனைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. ஆறு வாரமாகப் புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாலேயேதான் சண்டை போடுகிறார்கள். வாயைத் திறந்தால் போர்வைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்துவிடும்.

ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. தொழிற்சாலைப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். போர் முடிந்தது, இனி விமானம் வேண்டாம், நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் வருகிற சனிக்கிழமையோடு வேலை இல்லை. அவள் வந்து சொன்னதும், "நல்லதாப் போச்சு, நான்தான் வந்துட்டேனே, இனிமே எதுக்கு உனக்கு அந்த ரிவிட் துப்பாக்கி?" என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அதற்கு அவள் சொன்ன பதிலைப் போர்வைக்குப் பின்னால் இருந்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எழுதுவதற்கில்லை.

ஆனால் ஒரு வழி பாக்கி இருந்தது. விமானத்துக்கு வாங்கிய அலுமினியத் தகடு மலை மலையாகக் கிடந்தது. அதில் வீடு செய்தால் என்ன? நான்கு துண்டாகச் செய்து, நான்கு லாரியில் ஏற்றி, ஒரே பகலில் பூட்டி நிறுத்தலாம். அப்படி ஒரு மாதிரி வீடு இன்றைக்கு நகரத்தின் நடுவில் நிற்கப்போகிறது. நான்கு மணிக்குள் நின்றுவிட்டால் புது அமைச்சர் ஐயாயிரம் வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவார். பட்டியல் கிழியும். கட்டினவர்களுக்கே முதல் நூறு வீடு.

நிற்காவிட்டால்?

வேலையும் இல்லை, வீடும் இல்லை. இந்தப் போர்வைதான்.

"பாத்தியா கூத்தை," என்றான் கணவன், பூட்ஸை மாட்டிக்கொண்டே. நான்காவது துண்டை ஏற்றிப்போகும் லாரி அவனுக்குத்தான் வாய்த்திருந்தது. "என் பெண்டாட்டி வேலை நிலைக்கணும்னு நானே வண்டி ஓட்டறேன். இப்படி ஒரு ஏமாளி எங்க கிடைப்பான்?"

"மெதுவா ஓட்டுங்க. அது என் கையால பண்ணின துண்டு. சமையலறையும் குளியலறையும் அதுலதான் இருக்கு."

"உன் கையால பண்ணின சமையலைவிட நல்லாத்தான் இருக்கும்."

போர்வை விலகியது. மாமியார் வெளியே போகிற உடுப்பில் நின்றிருந்தாள், கையில் பை, காலில் செருப்பு.

"நானும் வர்றேன். வீடுன்னா எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு எனக்கு."

---

ஒரு காலத்தில் அங்கே ஒரு தெரு இருந்தது. இப்போது இடுப்பளவு சுவர்களும் புல்லும்தான். அந்தச் சுவர்கள் மேலெல்லாம் ஜனம். ஆயிரம் பேர் இருக்கும். வீடு கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், ராணுவக் கோட்டைக் கழற்றாமல் வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்த முகம் ஒன்றுகூட இல்லை.

காலை பத்து மணிக்கு முதல் துண்டு இறங்கியது. முழங்கால் உயரச் செங்கல் கட்டைகள் மேல் கிரேன் அதைப் பூப்போல வைத்தது. பன்னிரண்டுக்கு இரண்டாவது. ஒன்றரைக்கு மூன்றாவது. ஒவ்வொரு துண்டு இறங்கும்போதும் ஜனம் "ஓ!" என்றது. படுக்கையறை ஜன்னலில் ஏற்கெனவே கண்ணாடி இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தி அழுதாள்.

"நேரம்?" என்றார் கிராம் சார்.

"ரெண்டு அடிக்கப்போகுது சார்," என்றாள் தாங்கி. ரிவிட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்கிறவள் அவள். ஆறு வருஷமாக ரிவிட்டக்காவின் ஜோடி. அதனால் அந்தப் பெயர்.

கிராம் சார்தான் தலைமை இஞ்சினியர். போரில் விமான இறக்கை வரைந்த மனிதர். ஒரு கிராம் குறைந்தால் ஒரு பையன் உயிரோடு திரும்புவான் என்று தினமும் சொல்வார். எதைப் பார்த்தாலும் அதில் எங்கே ஓட்டை போட்டு எடை குறைக்கலாம் என்றுதான் யோசிப்பார். ரொட்டியில் ஓட்டை இருப்பது அவருக்குப் பிடிக்கும் என்று பெண்கள் சிரிப்பார்கள். எடை குறைக்க யோசனை சொன்னவர்களுக்குப் பித்தளை வில்லை கொடுப்பார். ரிவிட்டக்காவிடம் ஏழு வில்லை இருந்தன. தொழிற்சாலையில் வேறு யாரிடமும் ஐந்துக்கு மேல் கிடையாது.

இரண்டேகாலுக்கு நான்காவது லாரி வந்தது. துண்டு இறங்கியது. நான்கும் ஒன்றோடொன்று பொருந்தியபோது, பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்! வெறும் தரையில் ஒரு வீடு நின்றது. கதவு, ஜன்னல், சமையல் மேடை, குளிக்கிற தொட்டி, அலமாரி, எல்லாம் உள்ளே. ஜனம் கைதட்டியது. தாங்கி ரிவிட்டக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மூன்று மணிக்கு, வேலை முடிந்தது என்று கிரேன்காரர் தொப்பியை ஆட்டிவிட்டுக் கிளம்பிப்போனார்.

அப்போதுதான் அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணு கேக்கணும். என் வண்டியில ஏத்தும்போது எதையாவது விட்டுட்டீங்களா?"

"எதை விடறது? எல்லாம்தான் இருக்கே."

"பாலத்து மேல வரும்போது காத்து அடிச்சுது. வண்டி பக்கவாட்டுல நழுவிடுச்சு. எனக்கு முன்னாடி போன மூணும் ஆடவே இல்லயாம். ஆறு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், பின்னாடி எவ்வளவு கனம் இருக்குன்னு என் இடுப்புக்குத் தெரியும். இந்தத் துண்டு மத்ததைவிட லேசு."

"லேசாத்தான் இருக்கும்!" என்றாள் அவள், பெருமையாக. "நான்தான் எடை குறைச்சேன். அடியில இருந்த பிடிப்புத் தகடு பதினாறும் இரும்பு. ஒவ்வொண்ணும் ஒரு குழந்தை கனம். அதெல்லாம் எடுத்துட்டு அலுமினியத்துல..."

அவள் குனிந்து வீட்டின் அடியைப் பார்த்தாள்.

பிடிப்புத் தகடு. செங்கல் கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் வீட்டின் அடியை இழுத்துப் பிடிக்கிற தகடு. பதினோரு நாளைக்கு முன்னால், இவ்வளவு கனமா என்று முகம் சுளித்து, மெல்லிசான அலுமினியத்தில், ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டை போட்டு, சோதனைக்கு இந்த ஒரு துண்டில் மட்டும் மாற்றியவள் அவள்தான். கிராம் சார் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கண்கலங்கி, உடனே கையெழுத்துப் போட்டார். எட்டாவது வில்லை தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆறு வருஷமாக அந்தத் தொழிற்சாலைக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதை எப்படித் தரையை விட்டுக் கிளப்புவது? கிளம்பவே கூடாத ஒரு பொருளை இந்தத் தடவை செய்கிறோம் என்று அங்கே ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவள் வானத்தைப் பார்த்தாள். ஆற்றுப் பக்கத்திலிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கிற பக்கத்தில், முதல் ஆளாக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றது நான்காவது துண்டு.

---

கிராம் சாரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"நான் கையெழுத்துப் போட்டேனே," என்றார். "நானே போட்டேனே அம்மா."

"இரும்புத் தகடெல்லாம் என் மேஜைக்கு அடியில பெட்டியில கிடக்கு சார். கொண்டுவந்து மாத்திடலாம்."

"இப்பவா? அமைச்சர் வண்டி வந்தாச்சு, அங்க பாரு!" அவளை இன்னும் ஓரமாக இழுத்தார். "கேளு. மூணரைக்குக் கையெழுத்து. இருபது நிமிஷம்தான். காத்து வலுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நாளைக்குக் காலையில நாமளே வந்து சத்தமில்லாம மாத்திடலாம். யாருக்கும் தெரியாது."

இருபது நிமிஷம். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தப் போர்வை. இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு பெரிய விஷயமா?

அமைச்சர் இறங்கினார். போருக்குப் பிறகு நடந்த தேர்தலில் ஜெயித்து வந்த அம்மாள். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்கென்று ஒரு அமைச்சர் பதவியே நாட்டில் இப்போதுதான் முளைத்திருக்கிறது. மாலையோ பேச்சோ வேண்டாம் என்று கையாலேயே விலக்கிவிட்டு, நேரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பின்னால் இரண்டு அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, கையில் பையோடு மாமியார்!

"அடிப்பாவி, உங்க அத்தை!" என்றாள் தாங்கி.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. அமைச்சர் சமையலறை அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். மாமியார் பக்கத்தில் நின்று, தான் கட்டின வீடு மாதிரி, குழாயைத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

காற்று ஒரு தடவை வந்து போனது. சமையலறைத் தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. ரிவிட்டக்காவுக்குப் புரிந்தது. மெல்லிய தகடு ஓட்டையோடு வளைகிற சத்தம்.

"சார், நான் சொல்லத்தான் போறேன்."

"ஏம்மா, யோசி..."

அவள் அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

அப்போதுதான் அடித்தது காற்று. சுவர் மேல் இருந்தவர்களின் தொப்பியெல்லாம் பறந்தன. அவள் கண் முன்னாலேயே வீட்டின் அந்தக் கோடி எழுந்தது. நாலு விரற்கடை. கூரையில் பூட்டியிருந்த இணைப்பு வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு அதிகாரி அலறிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார்.

"வெளியே வராதீங்க!" அவள் கத்தினாள். "யாரும் இறங்காதீங்க! இறங்கினா இன்னும் லேசாயிடும்! அங்கேயே நில்லுங்க!"

அதிகாரி வாசலிலேயே ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"தாங்கி! நம்ம ஆளுங்க எல்லாரையும் உள்ளே ஏத்து! சமையலறைக்கும் குளியலறைக்கும்! எவ்வளவு பேர் பிடிக்குமோ அவ்வளவு பேர்!"

"எதுக்குடி?"

"கனத்துக்குடி!"

தாங்கிக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. "ஏய், குண்டா இருக்கறவங்க முதல்ல!" என்று கூவினாள். "இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினாங்களே, இன்னிக்குத்தான் நம்ம நாள்! ஏறுங்கடி!" நீல மேலங்கியில் நாற்பது, ஐம்பது, அறுபது பெண்கள் ஓடிவந்து உள்ளே நெருக்கியடித்தார்கள். சமையல் மேடை மேல் நான்கு பேர். குளிக்கிற தொட்டியில் ஒன்பது பேர். நடுவில் அமைச்சர்.

தரை மெல்லக் கீழே வந்து கட்டை மேல் உட்கார்ந்தது.

அவள் கணவனைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே லாரியில் ஏறி இன்ஜினைக் கிளப்பியிருந்தான்.

"எங்க இருக்கு?"

"மூணாம் கொட்டகை, என் மேஜைக்கு அடியில, பச்சைப் பெட்டி! போக வர எவ்வளவு நேரமாகும்?"

"மத்தவன் ஓட்டினா அரை மணி."

"நீங்க ஓட்டினா?"

லாரி அதற்குள் திரும்பிப் பாய்ந்திருந்தது.

---

அவள் டிரில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்தாள். முழங்கால் உயரம்தான் இடம். மல்லாந்து படுத்தால் மூக்குக்கு ஒரு சாண் மேலே தரை. தரைக்கு மேலே நூற்றிருபது கால்கள்.

தன் கையால் அடித்த ரிவிட்டைத் தானே குடைந்து எடுப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஒன்று. இரண்டு. அலுமினியத் தூள் கண்ணில் விழுந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் தகடு அவள் முகத்துக்கு மேலேயே முனகியது.

மேலே பேச்சு காதில் விழுந்தது.

"அம்மா, உங்க காலை மிதிச்சிட்டேனா?"

"பரவாயில்ல, மிதிங்க. எத்தனை பேர் இருக்கீங்க?" அமைச்சரின் குரல்.

"எண்ண முடியல. கையைத் தூக்கினா இறக்க இடமில்ல."

"என் வகுப்பும் இப்படித்தான் இருந்துது. எண்பது பிள்ளைங்க, ஒரு அறை."

"நாங்க மூணு பேர், ஒரே முன்னறை," என்றது மாமியாரின் குரல். "நடுவுல ஒரு போர்வை. மருமக தும்மினா நான் மூக்கைத் துடைச்சுக்கணும்."

மேலே சிரிப்பு வெடித்தது. தரை அதிர்ந்தது.

"சிரிக்காதீங்கடி!" என்று கீழிருந்து கத்தினாள் ரிவிட்டக்கா. "ஆடுது!"

பதினெட்டாவது நிமிஷம் லாரிச் சத்தம் கேட்டது. பிரேக்கின் கீச்சல். அடுத்த நொடி பச்சைப் பெட்டி புல்லில் இழுபட்டு வந்தது. பின்னாலேயே அவனும் ஊர்ந்து வந்து அவள் தோளோடு தோள் இடிக்கப் படுத்தான். மூச்சிரைத்தது.

"தகடைப் பிடிங்க. துளைக்கு நேரா. இன்னும் கொஞ்சம் மேல. அசையக்கூடாது."

"சரிங்க மேஸ்திரி."

"கிண்டலா?"

"இல்ல, நிஜமாத்தான். நட்டைக் குடு."

அவன் தாங்க, அவள் முடுக்கினாள். இரும்பு கனத்தது. அந்தக் கனம் கையில் பட்டபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நான்கு. ஐந்து. ஆறு. காற்று மறுபடி வந்து மோதியது. மாற்றிய மூலை அசையவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டைத் தாங்கியபடி.

"இப்பவா?"

"ஆறு வாரத்துல நாம ரெண்டு பேரும் நடுவுல யாரும் காது குடுக்காம பேசறது இதான் முதல் தடவை."

"மேல அறுபது பேர் நிக்கறாங்க."

"அறுபது பேர்தானே. அம்மா ஒருத்தி மாதிரி வருமா?"

அவள் சிரித்தாள். கண்ணில் விழுந்த தூளினாலா என்னவோ, கண்ணும் கலங்கியது.

"அன்னிக்கு அந்தத் துப்பாக்கி எதுக்குன்னு கேட்டேன்ல," என்றான். ஸ்பேனரை அவள் கையில் வைத்தான். "கேட்டிருக்கக் கூடாது. நான் அங்க வண்டி ஓட்டினேன்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க. நீ ஆறு வருஷம் என்ன பண்ணினேன்னு நான் கேக்கவே இல்ல."

"கேட்டா ஒரு நாள்ல முடியாது."

"முடிய வேண்டாம்."

பதினாறாவது தகடு. கடைசி நட்டு. அவள் உடம்பின் முழுக் கனத்தையும் ஸ்பேனரில் தொங்கவிட்டாள். அது "கிறீச்" என்று நின்றது.

---

"எல்லாரும் இறங்கலாம்!"

பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். ஜனம் மூச்சுப் பிடித்துப் பார்த்தது. வீடு காலியாகக் காலியாக, காற்று வேண்டுமென்றே ஒரு மோது மோதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதோடு சரி. வீடு நின்றது!

இந்தத் தடவை ஜனம் கைதட்டவில்லை, கத்தியது. ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார்கள். அமைச்சரின் தலைமுடி கலைந்திருந்தது, செருப்பில் ஒன்றைக் காணோம்.

"அடியில இப்ப என்ன மாத்தினீங்க? முதல்ல அதைத் தப்பாப் போட்டது யார்?" என்றார்.

கத்தல் அடங்கியது.

"நான்தாங்க," என்றாள் ரிவிட்டக்கா. முகமெல்லாம் புழுதியும் அலுமினியத் தூளும். "எடை குறைக்கணும்னு இரும்புத் தகடை எடுத்துட்டு அலுமினியம் போட்டுட்டேன். பழக்க தோஷம்."

"கையெழுத்துப் போட்டது நான்," என்றார் கிராம் சார், முன்னால் வந்து. "இருபது நிமிஷம் பேசாம இருன்னு சொன்னதும் நான்தான். அவ கேக்கல."

அமைச்சரை வரவேற்க வந்திருந்த தொழிற்சாலை மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அமைச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பில் தப்பை ஒத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை.

"இனிமே செய்யற வீட்டுல இரும்புத் தகடு இருக்கும்னு யார் பொறுப்பு?"

"நான்," என்றாள் அவள். "ஒவ்வொண்ணா அடியில படுத்துப் பாக்கறேன்."

"ஐயாயிரத்தையுமா?"

"ஐயாயிரத்தையும்."

அமைச்சர் கையை நீட்டினார். அதிகாரி காகிதத்தையும் பேனாவையும் கொடுத்தார். மூடி கழன்றது. நிப் காகிதத்தைத் தொடப்போன நேரம்...

"டக்" என்று ஒரு சத்தம்.

வீட்டுக் கதவின் உள்தாழ்ப்பாள். விமானத்தில் போடுகிற தாழ்ப்பாள். வெளியிலிருந்து எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது.

ரிவிட்டக்கா அவசரமாகக் கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒருத்தியைத் தவிர.

"அத்தை!" ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அத்தை, என்ன பண்றீங்க? இது சும்மா காட்டறதுக்கு வெச்ச வீடு! நாளைக்குக் கழட்டிடுவாங்க!"

சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"கழட்டட்டும். என்னோட சேத்துக் கழட்டட்டும்," என்றாள் மாமியார். "நீங்க ரெண்டு பேரும் கீழ பேசினதைக் கேட்டேன். என் தலை மேல பழி போட்டுச் சிரிச்சீங்களே, அதையும் கேட்டேன். அந்தப் போர்வைக்கு நான் திரும்பிப் போகமாட்டேன். நீங்களும் போகக்கூடாது. இவ்வளவு நேரம் இந்த வீட்டைக் கீழ பிடிச்சு வெச்சது நாங்கதானே? நாளைக்குக் கழட்டவா பிடிச்சோம்?"

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவள் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா சொன்னா சொன்னதுதான். போச்சு!"

மேனேஜர் பாய்ந்து வந்தார். காவலாளி கடப்பாரையோடு பின்னால் வந்தார். "கதவை உடைப்பா!"

"நில்லுங்க," என்றார் அமைச்சர். பேனாவை மூடினார். காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு கதவருகே போய்த் தட்டினார். "அம்மா, நான்தான். உங்க பக்கத்துல நின்னேனே. கொஞ்சம் திறங்க. உங்ககிட்ட பேசணும்."

"தனியாவா?"

"தனியா."

தாழ்ப்பாள் விலகியது. ஒரு ஆள் நுழைகிற அளவு கதவு திறந்தது. அமைச்சர் உள்ளே போனார். "டக்." மறுபடி தாழ்ப்பாள்.

கையெழுத்து விழாத காகிதமும் உள்ளே போய்விட்டது.

ரிவிட்டக்கா தகட்டுச் சுவரில் காதை வைத்தாள். இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு அடைத்தது, அதுவும் அவள் செய்ததுதான். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

அப்போது பின்னால் ஏதோ மாறியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வீட்டுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஊன்றுகோல்காரர். பிறகு ராணுவக் கோட்டு ஒன்று. யாரும் சொல்லவில்லை, யாரும் சைகை காட்டவில்லை. சுவர் மேலிருந்து இறங்கி இறங்கி வந்து, வரிசை வரிசையாக, ஆயிரம் பேரும் அந்த வீட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். போவதாக ஒருத்தர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

"இதெல்லாம் உன்னாலதான்," என்று மேனேஜர் அவள் காதருகே பல்லைக் கடித்தார். "போ, உன் மாமியாரை வெளியே இழுத்துட்டு வா. இல்ல, இவங்களையெல்லாம் எழுப்பி அனுப்பு. ரெண்டுல ஒண்ணு பண்ணு. இல்லேன்னா அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் உனக்கு இங்க வேலை கிடையாது. புரியுதா?"

புரிந்தது. அவள் தாங்கியைப் பார்த்தாள். கிராம் சாரைப் பார்த்தாள். லாரியின் படியில் ஒரு காலை வைத்து நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் உள்ளே கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினான். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ரிவிட்டக்கா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சரி," என்றார் மேனேஜர். "நீயா தேடிக்கிட்டது."

முதுகுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.